நனையாத சால்வை

சென்ற மாதம் ஒருநாள் மாலை யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் மானிப்பாய்ப் பக்கம் போகும் பஸ்ஸுக்காகக் காத்து நின்றேன். என் கைப்பையில் வேதப்புத்தகத்தின் கறுத்த விளிம்பு தெரிந்திருக்க வேண்டும். துப்புரவாக உடுத்த, முகத்தில் நல்ல ஒளியுடைய ஓர் இளைஞர் அருகில் வந்து, “ஐயா, நீங்கள் வேதக்காரரோ?” என்று கேட்டார்.

“ஓம் தம்பி” என்றேன்.

“நீங்கள் ஆவியின் வரத்தைப் பெற்றுக்கொண்டனீங்களோ?”

அந்தக் கேள்வியில் வம்பு இல்லை, அன்புதான் இருந்தது. வீதியில் நிற்கும் கிழவன் ஒருவனின் ஆன்மாவுக்காக இரங்குகிறவர் இந்தக் காலத்தில் எத்தனை பேர்? எனினும் எனக்கு மறுமொழி வரவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். வீடு சேரும்வரை அந்தக் கேள்வியும் என்னோடு பிரயாணம் செய்தது. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய மறுமொழியை இங்கே எழுதுகிறேன். பஸ் நிலையத்தில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய மறுமொழியன்று அது.

நான் 1950ஆம் ஆண்டு பிறந்தவன். எங்கள் ஊர் மானிப்பாய்க்குச் சமீபம். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமாரின் நிழலில் வளர்ந்த குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. அந்த மிஷனின் சபைகள் 1947இல் தென்னிந்திய திருச்சபையோடு ஒன்றாயின. எங்கள் ஐயா பள்ளிக்கூட ஆசிரியர். ஞாயிறுதோறும் ஆலயத்தில் இரண்டாவது வாங்கில் அமர்வார். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அரிக்கன் லாம்பைத் தூண்டிவிட்டு, வேதப்புத்தகத்தில் முதல்நாள் விட்ட இடத்திலிருந்து ஓர் அதிகாரம் வாசிப்பார். பிறகு சுருக்கமாக ஒரு ஜெபம். அந்த ஜெபத்தில் கண்ணீரும் இராது, கூச்சலும் இராது. மழை வேண்டுமென்றால் மழை வேண்டுமென்பார். பரீட்சை என்றால் பரீட்சை என்பார். ஆண்டவரோடு அவர் பேசியதைக் கேட்டவர்கள், பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரோடு வேலிக்கு மேலால் பேசுகிறார் என்றே எண்ணுவர்.

அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, வேறு விதமானவர். அவர் மணமாகாதவர். 1962ஆம் ஆண்டளவில் ஒரு புதிய ஜெபக்கூட்டத்துக்குப் போகத் தொடங்கினார். அங்கே கைதட்டிப் பாடுவார்கள், அந்நியபாஷையில் பேசுவார்கள், நோயாளிகளின் தலையில் கைவைத்துச் சுகம் கேட்பார்கள். ஐயாவுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் தடுக்கவுமில்லை. “அவளுக்குப் பாட வேணும்போல இருக்கு. எங்கடை கோயிலிலை நாங்கள் பாடுகிற பாட்டுக்கு ஆருக்குத்தான் பாட மனம் வரும்?” என்று ஒருமுறை சொன்னார். நியாயமான பேச்சு.

ஆவிக்குரிய வரங்களைப் பற்றிப் பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபையாருக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் மூன்று அதிகாரங்கள் தொடர்ச்சியாக உள்ளன: பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. முதலாவதில் ஞானம், அறிவு, விசுவாசம், சுகமளித்தல், அற்புதம், தீர்க்கதரிசனம், ஆவிகளைப் பகுத்தறிதல், பலவகைப் பாஷைகள், அவற்றை வியாக்கியானம் பண்ணுதல் என ஒன்பது வரங்களை எண்ணுகிறார். அதே அதிகாரத்தின் கடைசியில் இன்னொரு பட்டியல் உண்டு. அதில், பிறருக்கு உதவி செய்வதும் சபைக் காரியங்களை நடத்துவதும் அற்புதங்களோடும் பாஷைகளோடும் ஒரே வரிசையில் நிற்கின்றன. இந்தப் பட்டியலைப் பற்றிப் பிரசங்கம் செய்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. கஞ்சி காய்ச்சிக் கொடுப்பதும் கணக்கு எழுதுவதும் ஆவியின் வரங்கள் என்றால் கூட்டம் சேருமா?

தமிழில் நமக்கு இன்னொரு இடைஞ்சலும் உண்டு. வரம் என்றவுடன் நம் மனத்தில் எழுவது தவம். ஒற்றைக்காலில் நின்று, ஊண் உறக்கம் விட்டு, தெய்வத்தை வருந்தி அழைத்துப் பெறுவதுதான் நமது புராணங்களில் வரம். பவுல் எழுதிய கிரேக்கச் சொல்லோ கிருபை என்ற சொல்லிலிருந்து பிறந்தது. கேளாமலும் உழையாமலும் கிடைக்கும் கொடை என்பதே அதன் உயிர். மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களுக்கு வேறு எந்தச் சொல் கிடைத்திருக்கும்? ஆனால் வரம் என்று படிக்கும் தமிழ்க் கிறிஸ்தவன் தன்னை அறியாமலே தவத்துக்கு ஆயத்தமாகிறான். கிடைக்காவிட்டால் தவத்தில் குறை என்று முடிவு செய்கிறான். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

1963ஆம் ஆண்டு ஆவணியில் அம்மாவுக்கு வயிற்றுவலி தொடங்கியது. ஐப்பசியில் வயிற்றைத் திறந்து பார்த்த வைத்தியர், ஒன்றும் செய்யாமலே மூடித் தைத்துவிட்டார். ஐயாவை வெளியே அழைத்து ஆங்கிலத்தில் சொன்னார். ஆங்கிலம் விளங்காத வயதன்று எனக்கு. நோ தெரியாமல் இருக்கக் குளிசை கொடுத்து அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். சின்னம்மா தன் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவின் கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துக்கொண்டார். அன்றிலிருந்து அம்மாவைக் கழுவித் துடைத்தது, உடுப்பு மாற்றியது, இரவில் மூன்று தரம் எழும்பிச் சுடுநீர் கொடுத்தது எல்லாம் அவரே.

மார்கழியில் அவர் ஒரு மனிதரை அழைத்து வந்தார். சுகமளிக்கும் வரம் பெற்றவர் என்று பலரும் மதித்த ஒருவர். வெள்ளை வேட்டி, கனத்த குரல். அம்மாவின் தலையில் கையை வைத்து நெடுநேரம் ஜெபித்தார். பிறகு, “அம்மா, இந்த நிமிஷத்தில் உங்களுக்குச் சுகம் உண்டாயிற்று. விசுவாசித்தால் இனி மருந்து தொடக்கூடாது. மருந்தைத் தொட்டால் ஆண்டவரைச் சந்தேகித்ததாகும்” என்றார். அம்மா ஐயாவைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். சின்னம்மாவின் முகத்தில் இருந்த ஆசையை அந்த வயதிலும் என்னால் வாசிக்க முடிந்தது. அம்மா தலையசைத்தார்.

நான்கு நாட்கள் குளிசை இல்லாமல் இருந்தார். அந்த நான்கு இரவுகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. ஐந்தாம் நாள் விடியற்காலை ஐயா அலுமாரியைத் திறந்து குளிசையை எடுத்து, தம் கையாலேயே அம்மாவின் வாயில் வைத்தார். சின்னம்மா குசினிக்குள் போய் அடுப்பின் முன் குந்தியிருந்தார். ஒருவரும் ஒருவரையும் கடிந்துகொள்ளவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சுகமளிக்கும் வரம் என்பதே இல்லையென்று வாதிக்க நான் வரவில்லை. ஆண்டவர் சுகம் கொடுக்கிறவர் என்றே நான் நம்புகிறேன். ஆனால் வேதத்தைச் சற்றுப் பொறுமையாக வாசிக்க வேண்டும். அற்புதங்கள் செய்த அதே பவுல், தம் தோழன் துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவந்ததாக எழுதுகிறார். தீமோத்தேயுவின் வயிற்று நோவுக்குத் திராட்சரசம் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். மருந்தைத் தொடாதே என்று சொல்லவில்லை. தமக்கிருந்த முள்ளை நீக்கும்படி மூன்று தரம் கேட்டும் அது நீங்கவில்லை என்கிறார். இவர்களில் யாருக்கு விசுவாசம் குறைவு? எங்கள் மானிப்பாயை எடுத்துக்கொள்வோம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் கிறீன் தமிழ் படித்து, தமிழிலேயே மேனாட்டு வைத்திய நூல்களை ஆக்கி, நம்மவர் அறுபது பேருக்குமேல் வைத்தியராக்கிவிட்டு 1873இல் ஊர் திரும்பினார். அவர் கையில் இருந்த கத்தியும் மருந்தும் ஜெபத்துக்குப் பகையென்று அவர் ஒருபோதும் நினைத்ததாகத் தெரியவில்லை.

இதெல்லாம் நான் பின்னாளில் யோசித்தவை. பதின்மூன்று வயதில் எனக்கு இந்த நியாயங்கள் தெரியா. எனக்கு அம்மா வேண்டும், ஆண்டவர் ஒரு சொல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஓய்வுநாட் பாடசாலையில் கிதியோனின் கதையை எங்களுக்குக் கற்பித்திருந்தார்கள். மீதியானியருக்கு அஞ்சி ஒளித்திருந்து கோதுமை அடித்தவன் கிதியோன். இஸ்ரவேலை இரட்சிக்க ஆண்டவர் தன்னைத்தான் அனுப்புகிறாரா என்று அறிய அவன் ஆட்டுமயிர்த் தோலொன்றைக் களத்தில் போடுகிறான். தோல்மட்டும் பனியில் நனைந்து நிலம் காய்ந்திருக்க வேண்டும் என்கிறான். அப்படியே ஆகிறது. அது போதவில்லை. மறுநாள் தோல் காய்ந்திருக்க, நிலம் நனைந்திருக்க வேண்டும் என்கிறான். அதுவும் ஆகிறது. நியாயாதிபதிகள் ஆறாம் அதிகாரம்.

ஆட்டுமயிர்த் தோலுக்கு யாழ்ப்பாணத்தில் நான் எங்கே போவேன்? அம்மாவின் அலுமாரியில் ஒரு கம்பளிச் சால்வை இருந்தது. நுவரெலியாவில் உத்தியோகம் பார்த்த மாமா கொண்டுவந்து கொடுத்தது. எங்கள் ஊர் வெக்கைக்கு உதவாமல் மடித்தபடியே கிடந்தது. கம்பளியும் ஆட்டுமயிர்தானே! 1964ஆம் ஆண்டு தை மாதம். தைப்பனியின் தாராளத்தை ஊரார் அறிவர். கிணற்றடிக்கு அப்பால் மணலும் அறுகம்புல்லும் கலந்த ஓர் இடத்தில் இரவு சால்வையை விரித்தேன். அம்மா பிழைப்பார் என்றால் சால்வை நனைந்து மணல் காய்ந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

காலையில் சால்வையைப் பிழியலாம்போல் இருந்தது. மணல் காய்ந்துதான் தெரிந்தது. சந்தோஷம் தாங்காமல் சின்னம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவரைத் தவிர வேறெவருக்கும் சொல்லவில்லை. “இண்டைக்கு இரவு மற்றப் பக்கமாய்க் கேக்கப்போறன் சின்னம்மா” என்றும் சொன்னேன். ஏனென்றால் கம்பளி பனியை உறிஞ்சும், மணல் ஈரத்தை உள்ளே இழுத்துவிடும் என்ற ஐயம் எனக்கும் தோன்றிவிட்டது. கிதியோனுக்கும் அதே ஐயம் தோன்றியிருக்க வேண்டும். அதனால்தான் இரண்டாம் முறை கேட்டான் என்று இன்றும் நினைக்கிறேன்.

இரண்டாம் நாள் விடியற்காலை எழுந்து ஓடினேன். அறுகம்புல் நுனியெல்லாம் நீர். வாழையிலையிலிருந்து துளி விழும் ஓசை கேட்டது. குனிந்து சால்வையைத் தொட்டேன். காய்ந்திருந்தது, இளஞ்சூடாகக்கூட இருந்ததுபோல் ஒரு நினைவு. அதைத் தூக்கிக்கொண்டு அம்மாவின் கட்டிலடிக்குப் போய் முழுக் கதையையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அம்மா சால்வையை வாங்கி முகத்தோடு அணைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சிரித்தார். “ராசா, கிதியோன் சண்டைக்குப் போக இருந்தவன். நீ பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியவன். சின்னம்மாட்டைத் தேத்தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு வெளிக்கிடு” என்றார். சால்வையை மட்டும் திருப்பித் தரவில்லை, போர்த்திவிடச் சொன்னார்.

மூன்று வாரங்களில், மாசி மாதத்தில், அம்மா இறந்துபோனார்.

செத்தவீட்டுக்குச் சின்னம்மாவின் கூட்டத்தாரும் வந்திருந்தார்கள். விறாந்தையில் இருந்தவர்களில் ஒருவர், எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, மருந்தைத் தொடாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பார், விசுவாசக் குறைவுதான் காரணம் என்றார். ஐயா எழுந்தார். அவர் சத்தம் போட்டதை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை, அன்றும் போடவில்லை. “அவளின்ரை விசுவாசத்துக்கு நான் சாட்சி. பதினெட்டு வருஷம் பக்கத்திலை இருந்து பாத்தனான். நீங்கள் தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ” என்றார். அவர்கள் தேநீரைக் குடிக்காமலே போய்விட்டார்கள்.

அன்றிரவு லாம்பைக் கொளுத்தி ஐயா வேதப்புத்தகத்தை எடுத்தார். ஆறுதலான சங்கீதம் ஏதாவது வாசிப்பார் என்று உறவினர் எதிர்பார்த்தனர். அவரோ விட்ட இடத்திலிருந்து வாசித்தார். லேவியராகமம் பதினான்காம் அதிகாரம்: குஷ்டரோகி சுத்திகரிக்கப்படும் முறைமையும், வீட்டுச் சுவரில் தோஷம் கண்டால் ஆசாரியன் செய்ய வேண்டியவையும். ஐம்பத்தேழு வசனங்கள். குரல் ஓரிடத்தில் தளர்ந்தது. நிறுத்தி, தண்ணீர் குடித்து, மீண்டும் வாசித்து முடித்தார். பிறகு, உம்முடைய பிள்ளையை எங்களுக்கு இத்தனை வருஷம் தந்திருந்ததற்கு ஸ்தோத்திரம் என்று ஜெபித்தார். அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு ஐயாமேல் கோபம் வந்தது.

உண்மையில் என் கோபம் ஐயாமேல் அன்று. அத்தாட்சி கேட்டுக் கிடைக்காதவன் அழலாம், பொறுக்கலாம். ஆண்டவர் மௌனமாயிருந்தார் என்று சொல்லித் தேறலாம். எனக்கோ அத்தாட்சி கிடைத்தது. இரண்டு முறை கிடைத்தது. கிடைத்த அத்தாட்சி பொய்த்தது. மனிதன் பொய் சொல்வான். ஆண்டவரும் பொய் சொல்வாரோ? இந்த வழக்கை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆலயத்துக்குப் போனேன், திடப்படுத்தல் பெற்றேன், திருவிருந்தில் பங்குபற்றினேன், பின்னாளில் சபைக் கணக்கும் எழுதினேன். உள்ளே வழக்கு நடந்துகொண்டே இருந்தது.

1970இல் கொழும்பில் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்தேன். வெள்ளவத்தையில் என்னோடு அறையில் இருந்த நண்பர் ஒருவர், பரிசுத்தமான நடையுள்ளவர், என்னை ஒரு காத்திருப்புக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். ஆவியின் அபிஷேகத்துக்காகக் காத்திருந்து ஜெபிக்கும் கூட்டம். இரண்டு மணி நேரத்தில் என் இடப்பக்கத்தவரும் வலப்பக்கத்தவரும் அந்நியபாஷையில் பேசத் தொடங்கிவிட்டார்கள். மூப்பர் என் தோளில் கைவைத்து, நாவைத் தளரவிடுங்கள் என்றார். வாசகர்களுக்கு உண்மையைச் சொல்கிறேன்: என்னிடம் சில சத்தங்கள் ஆயத்தமாக இருந்தன. இரண்டு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு அவற்றைக் கோப்பது கடினமன்று. வாயைத் திறந்திருந்தால் அத்தனை பேரும் என்னைக் கட்டித் தழுவி அழுதிருப்பார்கள். நானும் வீட்டுக்கு வந்தவனாகியிருப்பேன்.

திறக்கவில்லை. அது தைரியத்தால் அன்று, வெட்கத்தால். ஐயாவின் லேவியராகமம் நினைவில் வந்தது. பொய்த்த அத்தாட்சி ஒன்றால் வெந்தவன் இன்னொரு பொய் அத்தாட்சியை என் வாயாலேயே உண்டாக்குவதா? கூட்டம் முடிந்தபின், என்னிடம் மறைவான பாவம் ஏதோ தடையாக இருக்கிறது என்று இரக்கத்தோடு சொன்னார்கள். காலி வீதி வழியே நடந்தே அறைக்கு வந்தேன்.

அந்த நண்பருடைய பாஷை பொய்யென்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அசூசா வீதியில் 1906இல் மூண்ட எழுப்புதலைப் பற்றிப் பலரும் அறிவர். அதற்கு நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1860ஆம் ஆண்டுத் திருநெல்வேலி எழுப்புதலில், அருளப்பன் என்ற சுதேச ஊழியரின் சபைகளில் நம்முடைய தமிழ்க் கிராமத்துச் சனங்கள் அந்நியபாஷை பேசினார்கள் என்பதைத் தமிழரே மறந்துவிட்டார்கள். எனவே இது மேனாட்டுச் சரக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. எல்லாரும் பாஷை பேசுகிறார்களா என்று பவுலே கேட்கிறார். இல்லை என்ற மறுமொழியை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார். சபையில் விளங்கப் பேசும் ஐந்து சொற்களை, விளங்காத பதினாயிரம் சொற்களுக்கு மேலாக வைக்கிறார். பாஷையைத் தடைசெய்ய வேண்டாமென்றும் அதே அதிகாரத்தில் சொல்கிறார். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பெரிய மனம் வேண்டும். ஒரு வரத்தைத் தராசாக்கி அடுத்தவனை நிறுக்கும்போதுதான் பிழை தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

பின்னர் எனக்கு யாழ்ப்பாணக் கச்சேரிக்கு மாற்றம் கிடைத்தது. 1978இல், ஐயா படுக்கையில் விழுவதற்கு ஓராண்டு முன்பு, விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தவரிடம் ஒருநாள் கேட்டேன்: “ஐயா, நீங்கள் ஆண்டவரிட்டை ஒரு அடையாளமும் கேக்கேல்லையோ?”

“கேட்டனான். அம்மா படுத்திருக்கேக்கை ஒவ்வொரு நாளும் கேட்டனான்.”

“கிடைச்சதோ?”

“இல்லை. பிறகு கேக்கிறதை விட்டிட்டு, பள்ளிக்கூடத்துக் கொப்பியளைத் திருத்தினன்.”

அதற்குமேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. விசுவாசம் என்ற சொல்லை ஆலயத்துக்கு வெளியே நம்மவர் எப்படி ஆளுகிறார்கள் என்று அன்றிரவு யோசித்தேன். நன்றி விசுவாசம் என்கிறோம். எசமான் வராவிட்டாலும் படலையடியில் படுத்துக் கிடக்கும் நாயைப் பார்த்து, விசுவாசமுள்ள பிராணி என்கிறோம். அங்கே அந்தச் சொல்லுக்கு ஒரு கருத்தை ஒப்புக்கொள்வதென்ற பொருள் இல்லை. விட்டுப் போகாதிருத்தல் என்பதே பொருள். தானியேலின் புத்தகத்தில் சூளைக்கு முன் நின்ற மூன்று வாலிபர்களும் ராஜாவிடம் அதைத்தான் சொன்னார்கள். எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர். தப்புவியாமற் போனாலும் உமது சிலையை வணங்கமாட்டோம் என்ற கருத்தில் பேசினார்கள். தப்புவியாமற் போனாலும்! சூளைக்குள் நான்காம் ஆளொருவர் நடந்த அற்புதத்தைப் படமாக வரைந்து ஓய்வுநாட் பாடசாலைச் சுவரில் மாட்டுகிறோம். சூளைக்கு வெளியே அவர்கள் சொன்ன அந்த ஒரு சொல்லை எப்படி வரைவது?

தோமாவையும் நான் எண்ணுவதுண்டு. காயத்தில் விரலையிட்டுப் பார்க்க வேண்டுமென்று அடம்பிடித்த அவரை ஆண்டவர் தள்ளவில்லை. கையை நீட்டிக் காட்டினார். அடையாளம் கேட்ட பரிசேயருக்கோ பெருமூச்சுவிட்டு மறுத்தார். இருவரும் கேட்டது அத்தாட்சிதான். ஒருவர், நேசித்தவரை இழந்த துக்கத்தில் கேட்டார். மற்றவர்கள் சோதித்துப் பார்க்கக் கேட்டார்கள். பதின்மூன்று வயதில் சால்வையை விரித்தவன் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவன்? என் வழக்கு நெடுங்காலம் இந்தக் கேள்வியிலேயே நின்றது.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனங்கள் எல்லாரும் தென்மராட்சியை நோக்கி நடந்ததை வாசகர்களில் பலர் அனுபவித்திருப்பீர்கள். நாங்களும் நடந்தோம். எழுபது வயதைக் கடந்திருந்த சின்னம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளினேன். நாவற்குழிப் பாலத்தைக் கடக்க அந்த இரவு போதவில்லை. இரண்டு நாட்களின் பின் சாவகச்சேரிப் பக்கத்தில் ஓர் ஆலயத்தின் மண்டபத்தில் எங்களுக்கு ஒரு மூலை கிடைத்தது. சுற்றிவர எத்தனையோ குடும்பங்கள். பிள்ளைகள் அழுது ஓய்ந்த பின்னிரவில், நித்திரை என்று நான் எண்ணியிருந்த சின்னம்மா மெல்லக் கூப்பிட்டார்.

“தம்பி, நாளைக்கு நான் இருப்பனோ தெரியாது. உனக்கு ஒண்டு சொல்ல வேணும். அந்தச் சால்வை காய்ஞ்சு கிடந்தது ஆண்டவர் செய்ததில்லை. நான் செய்தது.”

எனக்கு உடனே விளங்கவில்லை. முப்பத்தொரு வருஷத்துக்கு முந்திய சால்வை!

“மூண்டு மணிக்கு அக்காவுக்குச் சுடுதண்ணி வைக்க எழும்பினனான். லாம்பைக் கொண்டுபோய்ப் பாத்தன். தண்ணியாய் ஊறிப்போய்க் கிடந்தது. உன்ரை முகத்தை நினைச்சன். குசினிக்குள்ளை கொண்டுவந்து அடுப்புக்கு மேலை பிடிச்சுப் பிடிச்சுக் காயவைச்சன். விடியமுன்னம் அந்த இடத்திலையே விரிச்சிட்டன்.”

“ஏன் சின்னம்மா?”

சற்று நேரம் மௌனமாக இருந்தார். “நான் கூட்டிக்கொண்டு வந்த மனுசன் பொய்ச்சுப் போனான். நாலு நாள் அக்காவை வதைச்சனான். உனக்கு ஆண்டவரும் பொய்ச்சுப் போகக் கூடாதெண்டு நினைச்சன். பிறகு அக்கா செத்த உடனை விளங்கிச்சுது, நான் என்ன செய்தனான் எண்டு. சொல்லப் பயமாய் இருந்தது. கோவமோ தம்பி?”

கோபமா? கச்சேரியில் எத்தனையோ கோவைகளை மூடியவன் நான். முப்பத்தொரு வருஷம் ஆண்டவர்மேல் நடத்திய வழக்கில் எதிரி அவரல்லர் என்று அந்த இருட்டில் தெரிந்தது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எனினும் வழக்குத் தள்ளுபடியானவுடன் உறவு திரும்பிவிடுவதில்லை. எதிரியில்லை என்று தீர்ந்த ஒருவரோடு எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியாமல், அவரை முதன்முதலாகச் சந்திக்கிறவன்போல் கூசிக் கிடந்தேன். அந்தக் கூச்சம் இன்னும் முழுவதும் தீர்ந்தபாடில்லை. பஸ் நிலையத்து இளைஞர் கேட்டபோது என் வாயை அடைத்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். அந்நியபாஷை எனக்கு இன்றுவரை வந்ததில்லை. தரிசனம் ஒன்றும் கண்டதில்லை. ஞாயிறுதோறும் போகிறேன். போகாதிருக்க மனம் வரவில்லை.

“கோவம் இல்லைச் சின்னம்மா” என்றேன்.

“புகை மணத்திலையாவது நீ கண்டுபிடிப்பாய் எண்டு பயந்துகொண்டிருந்தன். சால்வையெல்லாம் ஒரே புகைமணம்.”

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அன்று காலை அம்மா சால்வையை வாங்கி முகத்தோடு அணைத்தபடி சற்று நேரம் இருந்தார். பிறகு குசினிப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் சிரித்தார். கடைசி மூன்று வாரமும் அந்தச் சால்வையைத்தான் போர்த்துக்கொண்டிருந்தார். வெக்கையாக இருக்கிறது, எடுத்துவிடட்டுமா என்று சின்னம்மா கேட்டபோதெல்லாம் வேண்டாம் என்றார்.

இதைச் சின்னம்மாவுக்குச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

விடிந்ததும் பொட்டலத்திலிருந்து தம் வேதப்புத்தகத்தை எடுத்தார். கண்ணாடி வழியில் எங்கோ விழுந்துவிட்டது. என்னை வாசிக்கச் சொன்னார். எந்த இடம் என்று கேட்டேன். “விட்ட இடம்” என்றார். நாடா எண்ணாகமத்தில் கிடந்தது. கோத்திரம் கோத்திரமாகப் பெயர்கள். அடுத்த பாயில் இருந்த குடும்பத்தாரும் எழுந்து உட்கார்ந்து கேட்டார்கள். முடிவுவரை வாசித்துவிட்டு, தண்ணீர் வரிசையில் நிற்கப் போனேன்.